சில்லு தூங்குகிறது, போர்டு தூங்கவில்லை

கடிகாரமும் செல்போனும்

வீட்டுச் சுவரில் மாட்டிய கடிகாரத்துக்கு ஒரே ஒரு பென்சில் பேட்டரி. தீபாவளிக்குப் போட்டால் அடுத்த தீபாவளி வரை ஓடுகிறது, சில வீடுகளில் அதையும் தாண்டுகிறது. கையில் இருக்கும் செல்போனுக்கு அதைப்போலப் பல மடங்கு பெரிய பேட்டரி. காலையில் முழுதாக ஏற்றிக்கொண்டு போனாலும் ராத்திரி படுக்கும்போது சார்ஜரைத் தேட வேண்டியிருக்கிறது. செல்போன் நிறைய வேலை பார்க்கிறது, கடிகாரம் முள்ளைத்தானே நகர்த்துகிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பதில் சரிதான், ஆனால் பாதிதான் சரி. யாரும் தொடாமல் மேசையில் கிடக்கும் செல்போன்கூடச் சில நாளில் அணைந்துபோகிறதே, அப்போது அது என்ன வேலை பார்த்தது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் கொள்ளளவை மில்லி ஆம்பியர்-மணி என்ற அலகில் சொல்வார்கள். 1,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால், 1,000 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் இழுக்கலாம், அல்லது 1 மில்லி ஆம்பியரை 1,000 மணி நேரம் இழுக்கலாம். பெட்டிக்கடையில் வாங்கும் சாதாரணப் பென்சில் பேட்டரி சுமார் 1,000 இருக்கும். அது ஓராண்டு, அதாவது 8,760 மணி நேரம் ஓடுகிறது என்றால் கடிகாரம் சராசரியாக இழுப்பது 0.114 மில்லி ஆம்பியர். இப்போது வரும் செல்போன்களில் பேட்டரி 5,000. ஒரே நாளில் தீர்ந்தால் சராசரி 208 மில்லி ஆம்பியர். வித்தியாசம் சுமார் 1,800 மடங்கு.

கடிகாரம் இவ்வளவு சிக்கனமாக இருப்பது எப்படி? அதற்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் 1 வரும். அப்படி எண்ணி எண்ணி, விநாடிக்கு ஒரு தடவை, அதுவும் விநாடியின் நூறில் சில பங்கு நேரம் மட்டும், முள்ளைத் தள்ளும் சுருளுக்கு மின்சாரம் விடுகிறது. அந்த 'டிக்' சத்தம் கேட்கும் நொடிப்பொழுதுதான் செலவு. மற்ற நேரமெல்லாம் படிகத்தை அதிரவிட்டு எண்ணிக்கொண்டிருப்பதுதான் வேலை, அதற்கு ஆவது சொற்பம்.

பேட்டரியில் ஓடும் கருவிகள் அத்தனைக்கும் இதுதான் வழி. வேலை இருக்கும்போது சட்டென்று விழித்து, முடித்து, மறுபடி தூங்கிவிட வேண்டும்.

காட்டுக்குள் ஒரு கண்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்பு வழியாகப் போனால் மலையடிவாரம். அதற்கு மேல் சாம்பல் நிற அணில்களின் காடு. 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, மேகமலைச் சரணாலயத்தோடு சேர்ந்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது, பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர்.

இப்படிப்பட்ட காடுகளில் புலியை எண்ணுவதற்கு மரத்தில் தானியங்கிக் கேமராவைக் கட்டிவைக்கிறார்கள். 2018-ல் நடந்த அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் சுமார் 3.48 கோடி. கின்னஸ் பதிவேட்டில் ஏறிய கணக்கெடுப்பு அது. அத்தனை கோடிப் படங்களில் புலி இருந்தவை 76,651 மட்டும்.

அந்தக் கேமராவுக்கு மின்கம்பி கிடையாது. சில பென்சில் செல்களை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காட்டில் நிற்கிறது. கேமராவை எந்நேரமும் ஓடவிட்டால் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம். ஆகவே கேமரா தூங்குகிறது. அதன் முகப்பில், வெண்மையான சின்ன வில்லைக்குப் பின்னால், ஒரு வெப்ப உணரி மட்டும் விழித்திருக்கிறது. சுற்றியிருக்கும் பொருள்களைவிடச் சூடான ஏதோ ஒன்று குறுக்கே நகர்ந்தால் அது உணர்ந்துகொண்டு கேமராவை எழுப்பும். படம் பிடித்ததும் கேமரா மறுபடி தூங்கிவிடும். அந்த உணரிக்குச் சில பத்து மைக்ரோ ஆம்பியர் போதும். மைக்ரோ ஆம்பியர் என்பது மில்லி ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த அத்தியாயம் முழுக்க இந்த இரண்டு அலகுகளுக்கும் நடுவிலேதான் சண்டை.

யாரை எப்போது எழுப்புவது, எப்போது தூங்கவைப்பது என்று முடிவு செய்வது மைக்ரோகன்ட்ரோலர் என்ற சில்லு. ஒரே சில்லுக்குள் அடக்கிய குட்டிக் கணினி என்று அதைச் சொல்லலாம். டிவி ரிமோட்டில், வாஷிங் மெஷினில், பைக் மீட்டரில் எல்லாம் இருப்பது இதன் வகைதான். சில்லை மட்டும் வாங்கிக் கையால் பற்றவைப்பது எல்லாருக்கும் ஆகிற காரியமல்ல. அதனால் சில்லு, யூஎஸ்பி சொருகி, மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், விளக்கு எல்லாவற்றையும் ஒரு சிறிய பலகையில் பொருத்தி விற்கிறார்கள். அதுதான் டெவலப்மென்ட் போர்டு. சுருக்கமாகப் போர்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

தோப்பில் ஒரு பெட்டி

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் போகும் பக்கம் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் மலையடிவாரம் வரை போகின்றன. அப்படி ஒரு தோப்பின் கடைசி வரிசை மரங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டி வைப்பதாக வைத்துக்கொள்வோம். மண்ணில் ஈரம் எவ்வளவு, மழை எவ்வளவு என்று 15 நிமிடத்துக்கு ஒரு முறை அது பம்புசெட் அறைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அங்கே வைஃபை இருக்கிறது. மரத்தடியில் கரண்ட் கிடையாது. பழைய லேப்டாப் பேட்டரிக்குள் உருளையாக இருக்குமே, அந்த 18650 என்ற லித்தியம் அயான் செல் ஒன்றுதான் மூலதனம். கொள்ளளவு 2,600 மில்லி ஆம்பியர்-மணி.

போர்டு எது? இஞ்சினியரிங் மாணவர்கள் அதிகம் கையாளும் இஎஸ்பி32 சில்லு உள்ள போர்டையே எடுப்போம். வைஃபை உள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் சில்லு இது. இதில் ஆழ்துயில் என்று ஒரு நிலை உண்டு. சில்லின் பெரும்பகுதி அணைந்து, நேரம் எண்ணும் சிறு பகுதி மட்டும் உயிரோடு இருக்கும். அந்த நிலையில் செலவு சுமார் 10 மைக்ரோ ஆம்பியர் என்கிறது தயாரிப்பாளரின் விவரத்தாள்.

முதலில் விழித்திருக்கும் நேரத்தின் செலவு. நாளைக்கு 96 முறை விழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வைஃபையில் சேர்ந்து, செய்தி அனுப்பி முடிக்க 5 விநாடி என்று வைப்போம். சராசரியாக 100 மில்லி ஆம்பியர் போகும். 96 முறைக்கு 480 விநாடி, அதாவது 8 நிமிடம். நாளைக்கு 13 மில்லி ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல்.

அடுத்து தூங்கும் நேரத்தின் செலவு. 10 மைக்ரோ ஆம்பியர் வீதம் 24 மணி நேரத்துக்கு 0.24 மில்லி ஆம்பியர்-மணி. ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடலாம். இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்குப் பதின்மூன்றரை. 2,600-ஐ அதால் வகுத்தால் 190 நாள். ஆறு மாதத்துக்கு மேல் கவலையில்லை.

காகிதத்தில் வருவது இது. பெட்டியைத் தோப்பில் வைத்துவிட்டு வந்தால் பத்தாம் நாளே செய்தி நின்றுபோகும்.

காரணம், விவரத்தாள் சொல்லும் 10 மைக்ரோ ஆம்பியர் சில்லுக்கு மட்டும் உரியது. போர்டுக்கு அல்ல. சில்லு ஒழுங்காகத் தூங்கும்போதும், கடையில் கிடைக்கும் சாதாரண இஎஸ்பி32 போர்டு 5 முதல் 15 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 10 என்று வைத்தால் நாளைக்கு 240 மில்லி ஆம்பியர்-மணி. வேலைக்கு ஆனது 13, சும்மா இருந்ததற்கு ஆனது 240. கண்மாய் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. மடையைத் திறந்து பாய்ச்சிய தண்ணீரைவிட, மூடிய மடையின் இடுக்கில் ராப்பகலாகக் கசிந்த தண்ணீர்தான் அதிகமாக இருக்கும்.

எங்கே கசிகிறது?

போர்டைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால் குற்றவாளிகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

யூஎஸ்பி சொருகிக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். கரண்ட் வந்துவிட்டது என்று காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அது 2 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால் நாளைக்கு 48 மில்லி ஆம்பியர்-மணி. சில்லே இல்லாவிட்டாலும், அந்த விளக்கு மட்டும் தனியாக அந்தச் செல்லை 54 நாளில் தின்று தீர்த்துவிடும். ஆளில்லாத தோப்பில், மூடிய பெட்டிக்குள், யாருக்காக எரிகிறது?

அதற்கு அருகே மூன்று கால்களும் எதிர்ப்பக்கம் ஓர் அகலமான தகடுமாகக் கறுப்பாக ஒரு பாகம் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 1117 என்ற எண் தெரியும். யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டை, சில்லுக்கு வேண்டிய 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் அது. மலிவானது, முரட்டுத்தனமானது, லேசில் கெடாது. ஆனால் அதன் சொந்தச் செலவே சுமார் 5 மில்லி ஆம்பியர். சில்லின் தூக்கச் செலவைப்போல 500 மடங்கு. அதே வேலையை 2 மைக்ரோ ஆம்பியருக்குள் முடிக்கும் ரெகுலேட்டர்கள் எத்தனையோ ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன.

1117-க்கு இன்னொரு குணமும் உண்டு. வெளியே 3.3 வோல்ட் தர வேண்டுமென்றால் உள்ளே அதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும். லித்தியம் செல் முழுதாக ஏறியபோதே 4.2 வோல்ட்தான், பெரும்பாலான நேரம் 3.7-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே செல்லை நேராக இணைத்தால் சில்லுக்குப் போதுமான அழுத்தம் போகாது. வைஃபை பேச ஆரம்பித்ததும் மின்னோட்டம் 240 மில்லி ஆம்பியர் வரை எகிறும், அழுத்தம் சரியும், சில்லு மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதைச் சமாளிக்கச் செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றும் இன்னொரு குட்டிப் பலகையைச் சேர்ப்பார்கள். ஏற்றி, பிறகு இறக்கி, இரண்டு இடத்திலும் நஷ்டம். பத்து நாள் என்ற கணக்கு ஒரு வாரத்துக்குள் சுருங்கிவிடும்.

மூன்றாவது, யூஎஸ்பி வழியாகப் புரோகிராம் ஏற்ற உதவும் தனிச் சில்லு. தோப்பில் லேப்டாப் இல்லை என்று அதற்குத் தெரியாது. அதன் பங்குக்கு அதுவும் எடுத்துக்கொள்கிறது.

போர்டைத் திருத்தினாலும் வெளியே நாம் கோக்கும் பாகங்கள் மிச்சம் இருக்கின்றன. மண் ஈரம் பார்க்கும் உணரிக்கு எந்நேரமும் மின்சாரம் கொடுத்தால் சுமார் 5 மில்லி ஆம்பியர், நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைச் செல்லுக்குக் குறுக்கே போடுவது வழக்கம். அவை சத்தமில்லாமல் 0.2 மில்லி ஆம்பியர் குடிக்கும், நாளைக்கு 5 மில்லி ஆம்பியர்-மணி. பேட்டரியின் மிச்சத்தைப் பார்க்கப் போட்டதே பேட்டரியைக் குறைக்கிறது. 10 கிலோ ஓம் இருக்கும் இடத்தில் 10 லட்சம் ஓம் போட்டால் செலவு நூறில் ஒன்றாகும்.

மழைமானி மட்டும் இதில் நல்ல பிள்ளை. அதற்குள் சீசா போல இருபுறமும் சாயும் ஒரு சின்னக் கரண்டி இருக்கிறது. குறிப்பிட்ட அளவு, பல கருவிகளில் 0.2 மில்லி மீட்டர், மழை விழுந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். சாயும்போது அதில் ஒட்டிய காந்தம் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகளைத் தொடவைக்கும். அந்தத் தொடுகைதான் சில்லை எழுப்பும் மணி. மழை இல்லாத நாளில் செலவு பூஜ்யம். 2015 மே மாதம் வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி மலைப்பாதை ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். கீழே வெயில் அடிக்கும்போது மேலே கொட்டும் மழையை உடனே சொல்ல, கரண்ட் எட்டாத சரிவுகளில் நிற்கக்கூடியது இப்படிப்பட்ட கருவிதான்.

கடையில் கிடைக்கும் போர்டுகள்

இதில் போர்டு செய்தவர்களைத் திட்டுவது நியாயமாகாது. உலகெங்கும் பள்ளி, கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்த ஆர்டுயினோ, 2005-ல் இத்தாலியின் இவ்ரெயா நகரில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உருவானது. மேசைமேல் வைத்து, யூஎஸ்பி கம்பியைச் சொருகிப் பழகுவதற்கான பொருள். புதிதாகக் கற்பவருக்கு அந்தச் சிவப்பு விளக்கு பெரிய ஆறுதல். ஆர்டுயினோ ஊனோ விழித்திருக்கும்போது 45 முதல் 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். அதிலுள்ள ஏடிமெகா328 சில்லைத் தனியாக எடுத்து 3 வோல்ட்டில் தூங்கவைத்தால், அவ்வப்போது எழுப்பும் கடிகாரத்தோடு சேர்த்தே 4 மைக்ரோ ஆம்பியரை ஒட்டித்தான் வரும். அதே சில்லு, ஊனோ போர்டில் இருந்தபடியே தூங்கினால் போர்டின் செலவில் பாதிகூடக் குறையாது. அங்கே யூஎஸ்பிக்கென்றே இரண்டாவதாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

குறைந்த மின்சாரம் என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்கும் போர்டுகளிலும் தரம் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாஞ்ச்பேட் போர்டுகளில், யூஎஸ்பி உள்ள பாதியையும் சில்லு உள்ள பாதியையும் இணைப்பது ஒரு வரிசை சின்னத் தொப்பிகள். ஜம்பர் என்பார்கள். அவற்றை உருவிவிட்டால் சில்லு உள்ள பாதி தனியாகப் பேட்டரியில் ஓடும். எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ போர்டுகளில் ஐடிடி என்று எழுதிய ஒரு ஜம்பர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த இரண்டு முள்களுக்கு நடுவே மீட்டரை வைத்தால், சில்லு மட்டும் எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்துவிடும். அளந்து பார் என்று தயாரிப்பாளரே கதவைத் திறந்து வைத்திருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் அங்கே தெரிவதும் சில்லின் செலவுதான். தோப்புக்குப் போகப்போவது முழுப் போர்டு என்றால் செல்லின் வாயிலேதான் அளக்க வேண்டும்.

இந்தியாவிலும் இப்போது சில்லுகள் வருகின்றன. சென்னை ஐஐடியின் 'சக்தி' செயலி 2018-ல் மொகாலியில் உள்ள அரசின் குறைக்கடத்தி ஆய்வகத்தில் தயாராகி இயங்கிக் காட்டியது. சி-டாக் நிறுவனத்தின் தேஜஸ்32 சில்லு ஏரீஸ் என்ற போர்டுகளில் வருகிறது. நம் ஊர்ச் சில்லு என்ற பெருமிதம் சரி, பேட்டரி விஷயத்தில் அவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தூங்கும்போது முழுப் போர்டும் எவ்வளவு எடுக்கிறது?

அளந்து பார்ப்பது

கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் 'ஸ்மார்ட் விவசாயம்' இல்லாத ஆண்டே கிடையாது. ரிவ்யூ அன்று போர்டு லேப்டாப்பில் சொருகியிருக்கும். எண்கள் திரையில் ஓடும். கைதட்டு கிடைக்கும். பேட்டரி என்ற பேச்சே வராது, ஏனென்றால் அந்த மேசையில் பேட்டரியே இருக்காது. பேட்டரியில் ஓட வேண்டிய கருவிக்கு இதைவிட ஏமாற்றமான தேர்வு வேறில்லை.

நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்றும், 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் இருந்தால் உண்மையான தேர்வை நடத்திவிடலாம். செல்லுக்கும் போர்டுக்கும் நடுவே ரெசிஸ்டரைக் கோத்து, அதன் இரு முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை மில்லி வோல்ட்டில் பார்க்க வேண்டும். மீட்டர் காட்டும் மில்லி வோல்ட்டைப் பத்தால் வகுத்தால் மின்னோட்டம் மில்லி ஆம்பியரில் வந்துவிடும்.

ஒரு பொறி இருக்கிறது. சில்லு விழித்து வைஃபை பேசும்போது 240 மில்லி ஆம்பியர் போனால், அந்த 10 ஓமிலேயே 2.4 வோல்ட் விழுந்துவிடும். போர்டு மூச்சுத் திணறி அணைந்துபோகும். மீட்டரின் மைக்ரோ ஆம்பியர் அளவிலும் இதே தொல்லைதான், அதற்குள்ளேயே நூறு ஓமுக்குக் குறையாத ரெசிஸ்டர் இருக்கும். ஆகவே ரெசிஸ்டரின் இரு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து வைத்து, சில்லு விழித்து வேலையை முடிக்கும்வரை விட்டுவிட வேண்டும். தூங்கப் போனதும் கம்பியை எடுத்துவிட்டு எண்ணைப் படிக்க வேண்டும். சோதனைக்கு மட்டும் தூக்கத்தை ஒரு நிமிடம் என்று புரோகிராமில் எழுதிக்கொண்டால் படிக்க நிதானம் கிடைக்கும்.

மீட்டரில் 100 மில்லி வோல்ட் நின்றால் செலவு 10 மில்லி ஆம்பியர். அந்தப் போர்டுக்கும் தோப்புக்கும் ஒத்துவராது. நல்ல போர்டு என்றால் கடைசி இலக்கத்தில் 0.1 அல்லது 0.2 என்று ஊசலாடும், அதாவது 10, 20 மைக்ரோ ஆம்பியர். இதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் நார்டிக் நிறுவனத்தின் பவர் புரொஃபைலர் போன்ற கருவிகள் உண்டு. ஒரு மைக்ரோ ஆம்பியருக்குக் கீழிருந்து ஒரு ஆம்பியர் வரை விழிப்பும் தூக்கமும் மாறி மாறி வருவதை வரைபடமாகவே காட்டும். முதல் முடிவுக்கு மஞ்சள் மீட்டரே போதும்.

அளப்பதை ஏசி அறையில் மட்டும் செய்தால் போதாது. விவரத்தாளின் எண்கள் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. சித்திரை வெயிலில் ராஜபாளையத்தில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சில்லுக்குள் கசியும் மின்னோட்டம் 10 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். பெட்டியை மரநிழலில், வெள்ளைப் பெயின்ட் அடித்து வைப்பதும் பேட்டரியைச் சேமிக்கும் வேலைதான்.

கணக்கைத் திருப்பிப் போட்டால்

இனி அதே தோப்பு, அதே செல். போர்டை மட்டும் மாற்றுவோம். சிவப்பு விளக்கு இல்லாத, ரெகுலேட்டரின் சொந்தச் செலவு சில மைக்ரோ ஆம்பியருக்குள் இருக்கும், உணரிக்கு வேண்டும்போது மட்டும் மின்சாரம் விடும் போர்டு. செல்லின் வாயில் அளந்தால் தூக்கத்தில் 20 மைக்ரோ ஆம்பியர்.

வைஃபையும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ரூட்டரோடு கைகுலுக்கிச் சேர்வதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அதற்குப் பதில் லோரா என்ற வானொலி முறை இருக்கிறது. மெதுவாகப் பேசும், குறைந்த சக்தியில் வெகுதூரம் போகும், திறந்த வெளியில் சில கிலோமீட்டர்கூட எட்டும். இந்தியாவில் இதற்கு உரிமம் கேட்காத அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. இணையத்தில் வாங்கும்போது 433 அல்லது 915 என்று எழுதியதை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழிப்பு இப்போது 2 விநாடி, சராசரி 30 மில்லி ஆம்பியர். 96 முறைக்கு 192 விநாடி, நாளைக்கு 1.6 மில்லி ஆம்பியர்-மணி. தூக்கத்துக்கு அரை. மொத்தம் இரண்டுக்குச் சற்று மேல். 2,600-ஐ வகுத்தால் மூன்று ஆண்டுக்கு மேல் வருகிறது.

செலவு இவ்வளவு குறைந்த பிறகு புதிதாக ஒரு கசிவு தலைகாட்டும். அது செல்லுக்குள்ளேயே இருக்கிறது. லித்தியம் அயான் செல்லைச் சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்குச் சுமார் 2 விழுக்காடு தானாகக் குறையும், வெயிலில் இன்னும் கூடும். 2,600-ல் 2 விழுக்காடு 52, அதாவது நாளைக்கு 1.7. கருவி மொத்தமும் எடுக்கும் 2-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பத்து நாளில் தீர்ந்த முதல் பெட்டியில் இந்தக் கசிவை யாரும் கவனித்திருக்கவே முடியாது. இதையும் சேர்த்து, செல்லின் கொள்ளளவில் 80 விழுக்காடுதான் உண்மையில் கைக்கு வரும் என்றும் வைத்துக் கணக்கிட்டால் சுமார் 18 மாதம் நிற்கிறது.

அதற்கும் மேல் வேண்டுவோர் லித்தியம் தயோனில் குளோரைடு செல்லைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான் தானாகக் குறையும். பல நாடுகளில் தண்ணீர் மீட்டர்களுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடப்பது இந்த வகைதான். திரும்ப ஏற்ற முடியாது, சட்டென்று பெரிய மின்னோட்டம் கேட்டால் திணறும், பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் துணைக்கு வேண்டும். பட்டன் செல் ஆசை மட்டும் வேண்டாம். 2032 என்ற பெரிய பட்டன் செல்லின் கொள்ளளவே 220-ஐ ஒட்டித்தான், லோரா ஒரு முறை பேசும்போதே அதன் அழுத்தம் படுத்துவிடும்.

போர்டு வாங்கப் போகிறவர் சில்லின் பெயரைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ரெகுலேட்டரின் எண்ணைப் பாருங்கள், விளக்கை வெட்டிவிட வழியிருக்கிறதா என்று பாருங்கள். முழுப் போர்டின் தூக்கச் செலவை விற்பவர் எங்கேயும் எழுதவில்லை என்றால், ஒன்றே ஒன்று வாங்கி 10 ஓம் ரெசிஸ்டரோடு அளந்த பிறகு மற்றவற்றை வாங்குங்கள். கணக்கில் 18 மாதம் வந்தாலும் தோப்புப் பெட்டியின் செல்லை ஆண்டுக்கு ஒரு தடவை செப்டம்பரில் மாற்றிவிடுவது நல்லது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், மழைமானிக்கு வேலை வருவது அப்போதுதான்.